நடுவில் கிடந்த குழந்தை: பெற்றோர் படுக்கையும் பச்சிளங் குழந்தையும் - ஒரு வரலாற்று நோக்கு

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர் தம் முதற் குழந்தையைப் பற்றிய கவிதையைப் படித்தார். தாய் ஒருபுறம், தந்தை ஒருபுறம், இடையே பிறந்து சில நாட்களே ஆன குழந்தை. ஒரே கட்டில், ஒரே போர்வை. கவிதை நன்றாகவே இருந்தது. ஆனால் அதன்பின் எழுந்த விவாதம் கவிதையை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போயிற்று. பிறந்த குழந்தையைப் பெற்றோர் தம் படுக்கையிலேயே கிடத்தலாமா, மருத்துவர்கள் கூடாதென்கிறார்களே என்று ஐயம் எழுப்பினார் ஓர் அன்பர். வகுப்பறைப் பழக்கம் என்னை விடவில்லை. உடனே எழுந்து, இது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ் மரபு, ஐங்குறுநூறே இதற்குச் சான்று என்று கூறி அமர்ந்தேன். கைதட்டலும் கிடைத்தது.

வீடு திரும்பி நூலைப் புரட்டியபோது, நான் கூறியதில் பாதி தவறு என்பது புலனாயிற்று. அவையில் செய்த பிழையை அவையிலேயே திருத்துவதுதான் முறை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, வேறு பொருள் தேடாமல் இதனையே எடுத்துக்கொண்டேன்.

பேயனார் காட்டும் கட்டில்

ஐங்குறுநூற்றின் ஐந்தாம் நூறாகிய முல்லையைப் பாடியவர் பேயனார். அதன் முதற் பத்தாகிய செவிலி கூற்றுப் பத்து (401-410), மகளின் இல்லறத்தைக் கண்டு மீண்ட செவிலி, தான் கண்டதை நற்றாய்க்கு எடுத்துரைப்பதாக அமைந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டார்க்கு இதைவிட இனிய செய்தி வேறில்லை. மகள் நன்றாக இருக்கிறாள் என்பதுதான் பத்துப் பாடல்களின் சாரமும். அவ்வாறு நன்றாக இருப்பதற்கு அடையாளமாகச் செவிலி மீண்டும் மீண்டும் காட்டுவது ஒரு படுக்கையை. முதற் பாடலில் மான்கள் தம் குட்டியை இடையே கொண்டு கிடப்பதுபோல், தலைவனும் தலைவியும் மகனை நடுவில் வைத்துக் கிடக்கின்றனர். 404ஆம் பாடலில் தலைவி மகனுக்குப் பாலூட்ட, தலைவன் அவளைப் பின்புறமிருந்து அணைத்திருக்கிறான். 409இல் தந்தை மகனைத் தழுவ, தாய் இருவரையும் சேர்த்துத் தழுவுகிறாள். பத்தின் இறுதிப் பாடலில் மாலைப்பொழுது, வீட்டு முற்றம், கால் குட்டையான கட்டில். மனைவி அருகிருக்க, மகன் தந்தையின் மார்பின்மேல் ஊர்கிறான். பாணனின் யாழிசை இக்காட்சிக்கு ஒப்பிடப்படுகிறது. இதே பேயனார் குறுந்தொகையிலும் (359) இக்கட்டிலுக்குத் திரும்புகிறார். அங்கும் மாலை, நிலவு பரவியிருக்கிறது. தந்தை மகனை அணைத்துக் கிடக்க, தாய் அவன் முதுகை அணைத்துக் கிடக்கிறாள். ஒரு புலவரின் உள்ளத்தில் ஒரே காட்சி இத்தனை முறை வந்து நின்றதென்றால், அவர் அதனைக் கண்ணாரக் கண்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கூட்டத்தில் நான் எடுத்துக்காட்ட எண்ணியவை இவையே. ஆனால் இரண்டு வினாக்களை நான் கேட்க மறந்திருந்தேன். அக்குழந்தையின் வயது என்ன? அது எந்த நேரம்?

தந்தையின் மார்பில் ஊரும் மகன் பச்சிளங் குழந்தை அல்லன். கவிழ்ந்து, தவழ்ந்து, கைகால் திடப்பட்ட பிள்ளை; ஏழெட்டு மாதமேனும் ஆகியிருக்க வேண்டும். நேரமோ மாலை. முற்றத்தில் இட்ட கட்டில், சாய்ந்து களைப்பாறும் இடமே தவிர இரவெல்லாம் உறங்கும் இடமென்று பாடல் சொல்லவில்லை. செவிலி பார்த்துக் கொண்டிருக்கும் அளவுக்கு அது வெளியிடமுங்கூட. ஆகவே பேயனாரைச் சான்றாக வைத்து, பிறந்த குழந்தையைப் பெற்றோர் தம்மிடையே உறங்கவைத்தனர் என்று கூறுவது பொருந்தாது. நான் கூறியதோ அதுதான்.

பிறந்த குழந்தை எங்கே உறங்கிற்று என்பதை அறிய நற்றிணைக்குச் செல்ல வேண்டும். கோண்மா நெடுங்கோட்டனார் பாடிய 40ஆம் பாட்டு மகப்பேறு நிகழ்ந்த ஒரு வீட்டின் நள்ளிரவைக் காட்டுவது. காவலுடைய அம்மனையில் மணி ஒலிக்கிறது. பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது. பாணர் காவல் இருக்கின்றனர். ஒருபுறம் மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். மணம் ஊட்டிய துணி விரித்த மெல்லிய அணையில், ஈன்றணிமையின் வாடை மாறாத செவிலியோடு குழந்தை உறங்குகிறது. வெண்சிறுகடுகு அணிந்து, நெய்யாடி, பேறுகால மெலிவோடு தாய் இமை பொருந்தி உறங்குகிறாள். தந்தை கள்வனைப் போல் அந்நள்ளிரவில் வருகிறான்.

படுக்கைகளை எண்ணிப் பாருங்கள். குழந்தை இருப்பது செவிலியின் அருகில். தாய்க்கு வேறு படுக்கை. தந்தைக்கு அந்த அறையில் படுக்கையே இல்லை; தன் வீட்டில் தானே திருட்டுத்தனமாக நுழைகிறான். (பரத்தை வீட்டிலிருந்து வருபவன் அவ்வாறுதான் நுழைய வேண்டும் என்பார் மாணவியர். அதுவும் சரியே.) பேயனாரின் படுக்கையில் மூவர் இருக்கின்றனர்; நெடுங்கோட்டனாரின் அறையிலோ மூவரும் மூன்று இடத்தில். இவற்றை முரணாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்று பேறுகால இரவு; மற்றது பல மாதங்களுக்குப் பின் வந்த மாலை. பச்சிளங் குழந்தை முதலில் பெண்களின் காவலுக்குள் கிடந்தது. தேறிய பின்னரே தாய்தந்தையரின் நடுவிடம் அதற்கு வாய்த்தது. சங்கச் சான்றுகளிலிருந்து நான் காணும் முடிபு இதுவே.

நடுவில் அமர்ந்த குழந்தையைக் கல்லிலும் வடித்தது தமிழகம். பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், ஏறத்தாழ 700ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோயிற் கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் இடம்பெற்றார். சிவன் ஒருபுறம், உமை ஒருபுறம், இடையே கந்தன். மூவருக்கும் ஒரே இருக்கை. அங்கும் கந்தன் உட்காரத் தெரிந்த பிள்ளை, கைக்குழந்தை அல்லன். அவ்விடத்தைத் துறந்து தனியே வந்து நின்ற பிள்ளையின் மலை நம் மாவட்டத்துப் பழனியாக அமைந்தது, நம் ஊர்க் கவிஞர்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்திக் கொள்ளாத செய்தி.

சமவெளி வீடுகளின் இரவு

திண்டுக்கல் கோட்டைமலையைச் சுற்றிய சமவெளியில் வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களின் சென்ற தலைமுறை வழக்கத்தை, என் அம்மாச்சியிடமும் அவர் வயதொத்த பெண்களிடமும் கேட்டறிந்தவளவில் எழுதுகிறேன். நற்றிணை வீட்டிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை என்பது கேட்கக் கேட்க விளங்கிற்று.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதுதான் முதற் செய்தி. மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. பெண் தாய்வீட்டில் இருக்கிறாள் என்றால் கணவன் அங்கு இல்லை. பிள்ளையைப் பார்க்க வருவான், திண்ணையில் அமர்வான், பெரும்பாலும் அன்றே திரும்புவான். தங்கினாலும் அவன் படுக்கை திண்ணையோடு சரி. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மகளைப் பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆக, பிறந்த குழந்தையைப் பெற்றோர் இருவரும் தம்மிடையே வைத்து உறங்குவது என்னும் நிலைக்கே அவ்வாழ்க்கையில் இடமில்லை. தந்தையின் அருகில் பிள்ளை படுக்கத் தொடங்கும்போது அது தலை நின்று, சிரிக்கப் பழகியிருக்கும்.

நம் தாலாட்டுப் பாடல்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. கி.வா.ஜகந்நாதனின் 'மலையருவி'யிலோ (1958) நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளிலோ (1964) தாலாட்டுப் பகுதியைப் புரட்டுவோர் ஒன்றைக் காணலாம். குழந்தைக்குச் சீர் கொண்டு வருபவர் மாமன். பெருமை பேசப்படுபவர் மாமன். அழும் பிள்ளையிடம் அடித்தது யாரென்று வினவும்போது கேட்கப்படுவோர் மாமனும் அத்தையும் பாட்டியும். தந்தைக்கு மாமனளவு இடமில்லை. உறவுமுறை நோக்கில் இதற்கு விளக்கம் தருவார் உளர். எனக்குத் தோன்றும் காரணம் அதனினும் எளியது. தாலாட்டுப் பாடும் வீடு மாமன் வீடு. பாடுகிறவள் கண்முன் நடமாடுபவர்களைத்தானே பாடுவாள்?

பச்சை உடம்புக்காரிக்கு உள்ளறையில் ஒரு மூலை ஒதுக்கப்படும். தரையில் கோரைப்பாய், அதன்மேல் பழஞ்சேலையின் மடிப்பு. வெளுத்து வெளுத்து மென்மையான பருத்திச் சேலைதான் இதற்குச் சிறந்தது. சின்னாளப்பட்டிச் சுங்குடி கிழியும் தறுவாயில்தான் அதன் முழுப் பயனையும் தருகிறது என்பார் அம்மாச்சி. தலைமாட்டில் வேப்பிலையும் ஓர் இரும்புத் துண்டும். இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு. குழந்தை மல்லாந்து, தாயின் கையெட்டும் தொலைவில். அதற்கு அப்பால், தாய்க்கு எதிர்ப்புறம், பெண்ணின் தாயோ பாட்டியோ. குழந்தை நடுவில்தான் கிடந்தது. ஆனால் இரண்டு பெண்களுக்கு நடுவில். நற்றிணையின் செவிலி இங்கே அம்மாச்சியாகி இருக்கிறாள்.

அந்த இரண்டாம் பெண்ணின் வேலை உறங்குவதன்று. என் அம்மாச்சி இதைச் சொன்ன விதம் நினைவில் நிற்கிறது: "பெத்தவ அசந்துருவா, அவளுக்கு ஒடம்புல தெம்பு ஏது? அதுக்குத்தான் நாங்க. விடிய விடிய ஒரு கண்ணு முழிச்சுத்தான் கெடக்கும்." பால் குடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, ஈரத்துணி மாற்றுவது, தாயின் முந்தானை பிள்ளையின் முகத்தில் விழாமல் ஒதுக்குவது, தாயின் கை பிள்ளைமேல் கனத்துக் கிடந்தால் எடுத்துவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. தாய் உறங்கி, பிள்ளை உறங்கி, காவல் மட்டும் உறங்காமல் இருந்தது.

பகலில் தூளி. உத்தரத்தில் கட்டிய சேலையில், குறுக்குக் கட்டை கொடுத்து விரித்து, பிள்ளை ஆடும். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டுக்கும் கடலைக் காட்டுக்கும் வேலைக்குப் போன பெண்கள் வரப்போரத்து வேம்பிலோ புளியிலோ தூளி கட்டினர். பெரிய பிள்ளையொன்று ஆட்டிவிட்டுக் காவல் இருக்கும். இரவில் அதே பிள்ளை பாய்க்கு வந்துவிடும். பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலப் பாசுரங்களில் பிரமன் பொன்தொட்டில் அனுப்புகிறான். நம் சமவெளித் தொட்டிலுக்கு ஒரு பழஞ்சேலையும் ஒரு கிளையும் போதுமானதாக இருந்தன.

புரண்டு படுக்கும் அச்சம்

தாய் உறக்கத்தில் பிள்ளையின்மேல் புரண்டுவிடுவாளோ என்னும் அச்சம் உலகமெங்கும் உள்ளது, மிகப் பழையது. விவிலியத்தின் அரசர்கள் முதல் நூலில் (3ஆம் அதிகாரம்) சாலமோன் அவைக்கு வழக்காடி வந்த இரு பெண்களின் கதையை நம் ஊரில் அறியாதார் இலர். உயிரோடிருக்கும் பிள்ளை யாருடையது என்பதே வழக்கு. அவ்வழக்கு எவ்வாறு எழுந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒரே வீட்டில், மூன்று நாள் இடைவெளியில் பிள்ளை பெற்ற இருவர். இரவில் ஒருத்தி தன் குழந்தையின்மேல் படுத்துவிட, அது இறந்துபோயிற்று. வீட்டில் வேறு யாரும் இல்லை என்று அப்பெண்ணே அரசனிடம் கூறுகிறாள். சாலமோனின் அறிவைப் பேசும் நாம் அவ்வாக்கியத்தைக் கவனிப்பதில்லை. அந்த வீட்டில் விழித்திருக்க மூன்றாமவள் இல்லை.

ஐரோப்பாவில் இவ்வச்சம் சட்டமாகவும் கருவியாகவும் வடிவெடுத்தது. இத்தாலியின் புளோரன்சு நகரத்தில் 18ஆம் நூற்றாண்டில், பாலூட்டும் செவிலியர் படுக்கையில் குழந்தையை மூடிவைக்க மரத்தாலான வளைவுக் கூடு ஒன்றைப் பயன்படுத்தினர். தாய் புரண்டாலும் கூடு தாங்கும், பாலூட்டப் பக்கவாட்டில் திறப்பு இருக்கும். இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், மது அருந்திய நிலையில் ஒருவர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையுடன் படுத்து, அது மூச்சடைத்து இறந்தால் குற்றம் என்று விதித்தது. குளிர்நாட்டின் ஏழைக் குடும்பம்; ஒரே கட்டில், கனத்த போர்வை, பள்ளமாகும் மெத்தை, சில வீடுகளில் மது. காரணங்களைப் பிரித்தறிய அக்காலத்தில் வழியில்லை. காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணத்துக்கு மருத்துவ உலகம் தனிப்பெயர் இட்டதே 1969இல்தான். குழந்தையைக் குப்புறக் கிடத்துவது பேராபத்து என்று தெளிந்து, மல்லாக்கக் கிடத்துமாறு பிரிட்டன் 1991இலும் அமெரிக்கா 1994இலும் இயக்கம் நடத்தியபின் இறப்புகள் பெரிதும் குறைந்தன. தாயின்மேல் சுமத்தப்பட்ட பழிகளில் எத்தனை பொய்ப்பழியோ!

நம் ஊரில் கோரைப்பாய் பள்ளமாவதில்லை. வெக்கையில் போர்வைக்குத் தேவையில்லை. பிள்ளை பெற்றவள் குடிப்பதில்லை. இவை காப்பாயின. அதனால் நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 200 ஓராண்டு நிறையும் முன்பே இறந்தன. பாயில் கிடந்து நள்ளிரவில் இறந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றும் தோசம் என்றும் பேயென்றும் பெயர் சூட்டப்பட்டது. மருத்துவமனை வந்தது, தடுப்பூசி வந்தது, 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழகத்தின் எண் 13. பழம்பெருமை பேசும்போது இவ்விரு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் பகுதியில் அம்மாற்றத்தின் பெயர் டாக்டர் சௌந்தரம். டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகளாகப் பிறந்து, இளமையில் கணவனை இழந்து, தில்லியில் மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்று, ஜி.ராமச்சந்திரனை மணந்தவர். 1947இல் இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர். சிறு மகப்பேற்று நிலையமாகத் தொடங்கி வளர்ந்ததே அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை. சின்னாளப்பட்டி, ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் முதன்முதல் தரைவிட்டுக் கட்டிலில் பிள்ளை பெற்றது இப்படித்தான். அம்மாச்சியும் மகளோடு மருத்துவமனைக்குப் போனார்; கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்.

பெரிய நகரங்களின் மருத்துவமனைகள் மேலைநாட்டைப் பின்பற்றிக் குழந்தையைத் தனியறையில் வைத்த காலமும் ஒன்று இருந்தது. அங்கிருந்து மருத்துவமே திரும்பி வந்த கதை சுவையானது. கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978இல், எடை குறைந்த குழந்தைகளுக்குப் போதிய வெப்பப் பெட்டி இல்லாத நிலையில், எட்கர் ரே என்னும் மருத்துவர் அவற்றைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்றது. 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், எடை மிகக் குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு மார்பில் வைத்தபோது முதல் 28 நாளில் இறப்பு 100க்கு 15.7இலிருந்து 12ஆகக் குறைந்ததைக் காட்டிற்று. அவ்வாய்வில் என்னைத் தடுத்து நிறுத்திய செய்தி வேறொன்று: தாய் முடியாதபோது அவளுக்குப் பதிலாக மார்பு கொடுக்க இன்னொருவரையும் வைத்துக்கொண்டனர். செவிலி உலக மருத்துவ ஏட்டில் இடம்பெற்றுவிட்டாள்!

ஆனால் இது விழித்திருப்போர் சூழ்ந்த மருத்துவமனையில். வீட்டுப் படுக்கையைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2005இல் கூறி 2022இலும் வலியுறுத்தியது வேறு: குழந்தை பெற்றோர் அறையில் உறங்கட்டும், ஆனால் தனிப் படுக்கையில். பிரிட்டனில் முழுவதும் தடுக்காமல், சாய்வு மெத்தையில் குழந்தையோடு உறங்குவது, குடித்தவரும் புகைப்பவரும் அருகில் படுப்பது, குறைமாதக் குழந்தை ஆகிய நிலைகளைக் கடும் ஆபத்தென்று குறிக்கின்றனர். ஜப்பானியரோ மூவரும் படுப்பதை 'ஆறு' என்று பொருள்படும் எழுத்தின் வடிவம் என்பர். மூன்று நெடுங்கோடு, நடுக்கோடு சிறியது. கவிஞர்களுக்கு அந்த எழுத்து பிடிக்கும். கோடுகளுக்கு இடையே வெளி இருப்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

நடுவில் கிடக்காத மகள்

இதுவரை சொன்னவற்றில் ஒன்றை வேண்டுமென்றே ஒத்திவைத்தேன். மேலே கண்ட ஆறு பாடல்களிலும் கிடப்பவன் மகன். நற்றிணை வீட்டின் மணியும் மணலும் காவலும், பாட்டன் பெயரைச் சுமக்கும் பேரன் பிறந்தமைக்காக. ஒரு மகள் பிறந்த இரவில் அந்த மணி ஒலித்திருக்குமா?

நம் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 15.9.1985இல். அடுத்த ஆண்டு, 1986இல், நிலக்கோட்டைக்குத் தெற்கே அதிகத் தொலைவில்லாத உசிலம்பட்டியின் பெயர் பெண் சிசுக்கொலைக்காக நாடெங்கும் அச்சேறிற்று. 1992இல் சேலம் மாவட்டத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல், கேள்வியின்றி இத்தொட்டிலில் இட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. 1994இல் 'கருத்தம்மா' திரைப்படம் வந்தது. 2001இல் திட்டம் மேலும் சில மாவட்டங்களுக்கு விரிந்தது. அவற்றுள் திண்டுக்கல்லும் ஒன்று.

தாலாட்டை ஆராய்ந்து பட்டம் பெற்ற எவளும் இத்தொட்டிலைத் தன் ஆய்வில் சேர்த்ததாகத் தெரியவில்லை, நானும் சேர்க்கவில்லை. அது ஆடாத தொட்டில். பாடுவார் இல்லாத தொட்டில். அதில் இடப்பட்ட குழந்தைக்கு அன்றிரவு ஒருபுறமும் தாயில்லை, மறுபுறமும் பாட்டியில்லை. கள்ளிப்பால் என்ற சொல்லை என் மாணவியரிடம் கூறினால் போதும், வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களில் சிலர் வீட்டில் அது வெறும் சொல்லாக இருந்திருக்காது. விடிய விடிய ஒரு கண் விழித்திருந்த மூத்த பெண்ணை மேலே புகழ்ந்து எழுதினேன். சில வீடுகளில் அந்தக் கையே வேறு வேலையும் செய்தது. தாய் அசந்த நேரம் அதற்கும் உதவிற்று. பச்சிளங் குழந்தையின் அருகில் யார் படுத்திருந்தார் என்னும் வினாவுக்கு இச்சமவெளியில் விடை தேடுவோர் இந்தப் பக்கத்தையும் படிக்கத்தான் வேண்டும். நான் பிறந்தபோது என் அம்மாச்சி அறையைவிட்டு மூன்று நாள் நகரவில்லையாம். பிள்ளை பெற்ற மகளுக்குத் துணை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். "ஒங்கப்பா வீட்டுக் கெழவி வந்துட்டுப் போற வரைக்கும்" என்று அவர் ஒருமுறை கூறியபின் அவ்வாறு எண்ணுவதை விட்டேன்.

என் மகள் பிறந்தபோது காலம் மாறியிருந்தது. மகள் என்பதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் குடியிருந்தது திண்டுக்கல் நகருக்குள் ஒரு வாடகை வீடு. ஓர் அறை, ஒரு பெரிய கட்டில், திருமணத்துக்கு வாங்கிய தடித்த பஞ்சு மெத்தை. தாய்வீட்டில் ஐந்து மாதம் இருக்கப் பணி இடம் தரவில்லை. கணவர் குழந்தையின் பக்கத்தில் படுக்க ஆசைப்பட்டார். ஒரே இரவில் அஞ்சி, தரைக்கு இறங்கிவிட்டார். நானும் மறுநாள் இறங்கினேன். மெத்தை அறுபது நாள் வெறுமையாகக் கிடந்தது. என் அம்மா வந்து பாயின் மறுபக்கத்தில் படுத்துக்கொண்டார். நள்ளிரவில் நான் கண்விழித்தபோதெல்லாம் அவர் விழித்திருந்தார். பகலில் எப்போது உறங்கினார் என்று நான் கேட்டதில்லை.

கட்டுரையை எழுதி முடித்தபின் அவ்விளங்கவிஞரைத் தொலைபேசியில் அழைத்து, அன்று நான் கூறியதைத் திருத்திக்கொள்ளுமாறு வேண்டினேன். கவிதையை மாற்ற வேண்டுமா அம்மா என்று கேட்டார். வேண்டாம், குழந்தைக்கு எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கவிதை எழுதியபோது பதினெட்டு நாள் என்றார். சற்று நேரம் கழித்து, மாமியார் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார், அதை எழுதவில்லை என்றார்.